கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று சொன்ன நாள்

இந்த மாதிரி அனுபவங்களை ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் இந்தக் கம்ப்யூட்டர் கடையின் கவுண்டரில் ஆறு வருடம் நின்றுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவன் என்பதால், புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. விண்டோஸ் போடுவது, வாரண்டி பதிவது, பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எந்தப் பக்கம் தட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். 

துணிக்கடைக்குக் கூட்டம் ஆடியில் என்றால் நமக்குக் கூட்டம் ஆனி மாதத்தின் கடைசி நாளில். இந்த வருடம் நீங்களே பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்குக் காலேஜ் திறப்பது ஆடியில். ஆனால் ஆடி பிறந்துவிட்டால் புதுச் சாமான் எடுக்க நம் ஜனங்களுக்கு மனசு வராது. பொருள் கைக்கு வருவது எப்போது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆர்டர் எழுதி அட்வான்ஸ் கொடுப்பது ஆனிக்குள் முடிந்தாக வேண்டும். அதனால் அந்த ஒரு நாள் பாலக்கோடு பக்கம், பென்னாகரம் பக்கம், அரூர் பக்கம் என்று எல்லாப் பஸ்ஸும் தர்மபுரியில் நம் கடை வாசலில்தான் ஆட்களை இறக்குகிறதோ என்று தோன்றும்.

அப்படி ஒரு ஆனி கடைசி நாள், சாயங்காலம் நாலரை மணி. எனக்கு முன்னால் முனிராஜ் என்பவரும் அவர் மகள் பவித்ராவும் உட்கார்ந்திருந்தார்கள். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தோட்டம், தக்காளி வெள்ளாமை. மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது, அவளுக்கு லேப்டாப் எடுக்க வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று மதியம் நான் சாப்பிடவும் இல்லை.

“நீங்களே பாத்து நல்லதாக் குடுங்க தம்பி. எங்களுக்கு என்ன தெரியும்?” என்றார் முனிராஜ்.

இந்த வாக்கியத்தை நீங்கள் தினமும் கேட்கப்போகிறீர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் அப்பா ஆஸ்பத்திரியிலும், பேங்கிலும், ரேஷன் கடையிலும் இதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அப்படியிருந்தும் அன்று அதைக் கேட்டபோது ‘நல்லவேளை, இவர் கேள்வி கேட்டு நேரத்தை எடுக்கமாட்டார்’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

“என்ன படிப்புமா?” என்று பெண்ணைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: “வூட்டுக்கு பிளான் போடற படிப்புங்க.”

நம் ஊரில் பிளான் போட்டுத் தருகிறவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் நாலு கோடு இழுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஆர்டர் திரையில் கிராபிக்ஸ் கார்டு என்ற வரி வந்தது. திரையில் படங்களை வேகமாகக் காட்டுவதற்கென்றே தனியாக இருக்கும் சில்லு அது. சாதாரண மாடலில் அது இல்லை. வேண்டுமென்றால் கூடுதல் தொகைக்கு மேம்படுத்திக்கொள்ளலாம். நான் ‘இல்லை’ என்பதை அழுத்தப் போனேன்.

“அண்ணா...” என்றாள் பவித்ரா. “அங்க படிக்கிற ஒரு அக்கா, கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கறதாப் பாத்து வாங்கச் சொன்னாங்க.”

திரையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. “அதெல்லாம் கேம் ஆடற பசங்களுக்குமா. உனக்கு எதுக்கு? அப்புறம் வேணும்னாப் போட்டுக்கலாம்” என்றேன்.

முனிராஜ் திரும்பி மகளை ஒரு பார்வை பார்த்தார். அது என் ஓரக்கண்ணில் பட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு “சரிங்கண்ணா” என்றாள். முனிராஜ் கையெழுத்துப் போட்டார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஒரு விவசாயிக்கு வீண் செலவு வைக்காமல் அனுப்பினோம் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அதை மறைக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் ஆடி ஒன்று. கடையில் ஈ, காக்கை இல்லை. மாணவர் தள்ளுபடிக்காக எல்லாருடைய அட்மிஷன் காகிதத்தையும் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். பவித்ராவின் காகிதம் வந்தது. படிப்பு என்ற இடத்தில் பி.ஆர்க் என்று இருந்தது. கட்டடக்கலை, ஐந்து வருடம். பின்பக்கத்தைத் திருப்பினேன். முதல் வருடத்தில் பயன்படுத்தப்போகிற மென்பொருள்களின் பெயர்கள் இருந்தன. கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி, உள்ளே நடந்து பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிற ரகம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், மாணவர்கள் கொண்டுவரும் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று போட்டிருந்தது.

இந்தக் காகிதம் நேற்று சாயங்காலம் முழுக்க என் மேஜையில், என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது.

நான் சொன்னது இரண்டு விஷயம், அதில் இரண்டுமே தப்பு. முதலாவது தெரியாமல் சொன்னது. இரண்டாவது தெரிந்தே சொன்னது. ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்பது மேஜைக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும். அந்த லேப்டாப்பில் சில்லு மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வருவது. வாங்கும்போது இல்லையென்றால் ஐந்து வருடத்துக்கும் இல்லைதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். வரிசை நகரட்டும் என்று வாயில் வந்ததைச் சொல்லியிருந்தேன்.

சேலத்தில் இருக்கும் விநியோகஸ்தரின் ஆளைக் கூப்பிட்டேன். “நேத்து ஆர்டர் எல்லாம் பன்னெண்டு மணி வரைக்கும் ஓப்பன்ல இருக்கும் பாஸ். அதுக்குள்ள எது வேணும்னாலும் மாத்தலாம். பன்னெண்டைத் தாண்டுனா ஃபேக்டரிக்குப் போயிரும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் முடியாது” என்றான். மணி ஒன்பதே முக்கால்.

முதலாளியிடம் சொன்னேன். “கையெழுத்துப் போட்டாங்க இல்ல? விடு. நீயாப் போய் தப்புன்னு சொன்னா, நேத்து வித்த அத்தனையும் தப்புன்னு ஊருக்குள்ள பேசுவாங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். வியாபாரத்தில் அது ஒரு நியாயம்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பேசாமல் இருப்பது. இன்னொன்று, யாரையும் கேட்காமல் நானே ஆர்டரை மாற்றிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்வது. இரண்டாவது நல்லதுபோலத் தெரியும். அதற்காகத் திரையைத் திறந்தும்விட்டேன். பிறகுதான் உறைத்தது. நேற்று வேண்டாம் என்று சொன்னவன், இன்று அவர்களுக்குத் தெரியாமல் அதையே ஏற்றிவைத்துக் கூடுதல் பில் நீட்டினால் முனிராஜ் என்ன நினைப்பார்? மகள்தான் அப்பனுக்குத் தெரியாமல் கடைக்காரனுக்குப் போன் போட்டிருக்கிறாள் என்று நினைப்பார்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். அம்மா எடுத்தார். “அவரு போனை வூட்லயே வெச்சுட்டு மண்டிக்குப் போயிட்டாருங்க. பதினொண்ணரைக்கு வந்துருவாரு.” பவித்ராவிடம் கொடுக்கச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவள் ரகசியக் குரலில், “அண்ணா, போன்ல அப்பாகிட்ட அதைப் பேசிறாதீங்க” என்றாள்.

“ஏம்மா?”

“நேத்து பஸ்ஸுல பாலக்கோடு வரைக்கும் கேட்டுட்டே வந்தாரு, ‘அங்க போயி கேம் ஆடப் போறியா?’ன்னு. வூட்டுக்கு வந்து பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டாரு. பெரியப்பாவுக்கு என்னை அவ்ளோ தூரம் அனுப்பறதே புடிக்கல. ‘போறதுக்கு முன்னாடியே இப்படி. ஹாஸ்டல்ல என்னென்ன ஆட்டம் ஆடுமோ, இங்கயே தர்மபுரில ஏதாவது சேத்து வுடு’ங்கறாரு. காலைலருந்து அதே பேச்சு. நான் திரும்ப கார்டுன்னு வாயெடுத்தா அவ்ளோதான். பரவால்லண்ணா, வுடுங்க. அதுலயே சமாளிச்சுக்கறேன்.”

அதுவரைக்கும் ஒரு லேப்டாப்பைப் பற்றி மட்டும்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் சேரப்போனபோது அங்கிருந்த கிளார்க் ஒருவர், ஹாஸ்டல் பாரத்தைக் கேட்ட என் அம்மாவிடம், “எதுக்குமா ஹாஸ்டல், பையன் கெட்டுப்போவான்” என்று சொன்னார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். படித்தவர் சொல்கிறார் என்று அம்மா நம்பினார். மூன்று வருடம் தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். அந்தக் கிளார்க்கின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பவித்ராவுக்கு என் முகம் அப்படி ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். “போ. பெட்ரோல் உன் கணக்கு” என்றார்.

பாலக்கோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் நான் என்னென்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. மாரண்டஹள்ளி தாண்டி, வழி கேட்டுக் கேட்டு அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போய் நின்றபோது மணி பதினொன்றே கால். தலை ஆடியன்று, அதாவது ஆடி முதல் நாள், தேங்காய் சுடுவது எங்கள் பக்கத்து வழக்கம்; அதற்காகப் பவித்ராவும் அவள் அம்மாவும் வாசலில் உட்கார்ந்து தேங்காயைத் தரையில் உரசி நார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா மோர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. செல்போனில் ஒரு கோடுதான் சிக்னல் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தேன்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு மினி லாரி வந்தது. முனிராஜ் இறங்கினார். பின்னாலேயே பெரியப்பாவும் இறங்கினார். அவர் இல்லாமல் பேசலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை.

“என்ன தம்பி, ஆடி ஒண்ணாந்தேதி இவ்ளோ தூரம்?” என்றார் முனிராஜ்.

“நேத்து நான் சொன்னது தப்புங்க. பாப்பா படிக்கப்போற படிப்புக்கு அந்தக் கார்டு கட்டாயம் வேணுங்க.”

பெரியப்பா சிரித்தார். “பாத்தியாடா? நேத்து வேணாம்னாங்க, இன்னிக்கு வேணுங்கறாங்க. நாளைக்கு வண்டிக்கு ரெண்டு சக்கரம் பத்தாது, நாலு போடுன்னுவாங்க.”

“இல்லீங்க...” என்று ஆரம்பித்துக் காலேஜ் காகிதத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த காகிதம். இருவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். காகிதம் உதவவில்லை. வழியில் யோசித்துவைத்திருந்த உதாரணத்தை எடுத்தேன். “இப்ப ஆயிரம் அடி போருக்கு சின்ன மோட்டாரைப் போட்டா தண்ணி ஏறுங்களா? அந்த மாதிரிதான் இதும்.”

“மோட்டாரைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்காதீங்க தம்பி” என்றார் முனிராஜ். “பத்தலைன்னா கழட்டிட்டு வேற போடுவேன். நீங்களும் அப்படித்தானே சொன்னீங்க, அப்புறம் போட்டுக்கலாம்னு?”

உதாரணம் என் தலையிலேயே விழுந்தது. மணி பதினொன்று நாற்பத்தைந்து.

“அது பொய்ங்க” என்றேன்.

தேங்காய் உரசும் சத்தம் நின்றுவிட்டது.

“அப்புறம் போட முடியாதுங்க. கூடவே பத்தவெச்சு வர்றது. எனக்குத் தெரியும். பின்னாடி ஆளுங்க நின்னாங்க, சீக்கிரம் முடியட்டும்னு சொல்லிட்டேன். கேம் ஆடறவங்களுக்குன்னு சொன்னதும் தப்பு. என்ன படிப்புன்னே நான் சரியாக் கேக்கல. பாப்பா கேட்டதுதான் சரிங்க. பன்னெண்டு மணிக்குள்ள சொன்னா மாத்தலாம். பணம் இப்பத் தர வேண்டியதில்ல. வேண்டாம்னா நான் போயிடறனுங்க.”

முனிராஜ் மகள் பக்கம் திரும்பினார். “நேத்தே சொல்றதுக்கென்ன புள்ள?”

“சொன்னேன்பா” என்றாள் பவித்ரா. எழுந்து நின்றாள். கையெல்லாம் தேங்காய் நார். “இந்தண்ணா கேம்னாரு. நீ என்னைத் திரும்பிப் பாத்த. அப்புறம் நான் என்னத்தச் சொல்றது?”

முனிராஜ் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

பெரியப்பா என் பக்கம் ஓர் அடி வைத்தார். “இந்தா தம்பி. நேத்துதான் பொய் சொன்னேன்னீங்க. இன்னிக்கு நெசத்தைச் சொல்லுங்க. அந்தக் கார்டைப் போட்டா அதுல கேம் ஆட முடியாதா?”

நீங்கள் இருவரும் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பதால் உங்களுக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும். முடியாது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும். நல்ல காரியத்துக்காகச் சொல்கிற பொய். பவித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். மணி பதினொன்று ஐம்பது. நேற்று வரிசை நகரவேண்டும் என்று சொன்னதற்கும், இன்று இவர் வாயை அடைக்கவேண்டும் என்று சொல்லப்போவதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“முடியுங்க” என்றேன். “நல்லாவே ஆடலாம்.”

“கேட்டியாடா முனிராசு?” என்று பெரியப்பா இரண்டு கையையும் விரித்தார். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். நான் கெடுத்துவிட்டேன், இந்த முறை உண்மையைச் சொல்லியே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வண்டிச் சாவியைத் தேடிக் கை சட்டைப் பைக்குள் போனது.

முனிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஏண்ணா, போன மாசம் நம்ம டிராக்டர் பின்னாடி பொட்டியக் கட்டி முப்பது பேரு கல்யாணத்துக்குப் போனமே?”

“அதுக்கென்ன இப்ப?”

“டிராக்டர்ல கல்யாணத்துக்கும் போலாம்னுட்டு டிராக்டரே வேணாம்னமா? ஓட்டறவன் எங்க ஓட்டறாங்கறதுதான் பேச்சு.” பிறகு என்னிடம், “போனைப் போடுங்க தம்பி” என்றார்.

“அவ்ளோ தூரம் அனுப்பறியா அப்ப?” என்றார் பெரியப்பா.

“அனுப்பறதுக்குத்தானே இத்தனை வேலை கெலசமும் பண்றது? அவ கேட்டதே சரின்னு கடைக்காரரு வண்டி புடிச்சு வந்து சொல்றாரு. நான்தான் கேக்காம உட்டுட்டேன்.”

பெரியப்பா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு லாரியில் இருந்த காலிப் பெட்டிகளை இறக்கப் போய்விட்டார். அவர் சம்மதித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வாசலில் சிக்னல் போதவில்லை. வரப்பில் ஏறி நின்று மூன்றாவது தடவை அடித்தபோது சேலம் ஆள் எடுத்தான். “பாஸ், பதினொண்ணு அம்பத்தி அஞ்சு. என்ன மாத்தணும், சீக்கிரம் சொல்லுங்க” என்றான். சொன்னேன். “ஓப்பன் பண்ணிட்டேன், லைன்லயே இருங்க” என்றான்.

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து பவித்ரா நின்றாள். அவளுக்குப் பின்னால் முனிராஜும் வந்தார்.

“அண்ணா, அந்தக் கார்டுக்குன்னு தனி மெமரி எவ்ளோண்ணா?” என்றாள். கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னை எதுக்குப் பாக்கற? கேளு, கேளு. என்னென்ன இருக்குதோ எல்லாத்தையும் இப்பவே கேட்டுக்க. அப்புறம் மாத்த முடியாதாம்” என்றார் அவர்.

ரேம் எவ்வளவு, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், எடை என்ன, ரொம்ப நேரம் வரைந்தால் சூடாகுமா, திரையில் நிறம் சரியாகத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே பதில் சொன்னேன். நடுவில் சேலம் ஆள் “மாத்தியாச்சு பாஸ்” என்றான். பன்னிரண்டு அடிப்பதற்குள் மொத்தம் ஆறு கேள்வி. இரண்டுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.